ஆலப்புழை படகுவீடு: குட்டநாடு தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஜனவரியில் ஓரிரவு, ஆறு பேர், மூன்று அறை. அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. பகல் 12-க்கு ஏறி மறுநாள் காலை 9-க்கு இறங்குவது அங்கே வழக்கம். மீனவர்கள் வலை விரிப்பதால் மாலை 5.30 வாக்கில் படகைக் கட்டிவிடுவார்கள். சாப்பாட்டு நேரம் போக ஓடுவது நாலைந்து மணிதான். அதை வேம்பநாட்டுக் காயல் என்ற பெரிய ஏரியிலேயே செலவழித்தால் வீண். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நெல்வயல்கள்தான் குட்டநாட்டின் அழகே. ஆனால் பெரிய படகு குறுகிய வாய்க்காலில் நுழையாது.

குட்டநாட்டுக் கிராமமான கைனகரிப் பக்கம் இரவு படகைக் கட்டச்சொல்லி, விடிந்ததும் சிறு வள்ளத்தில் உள்ளே போகலாமா? மணிக்கு என்ன வாடகை? தண்ணீர்முக்கம் தடுப்பணை மூடியிருக்கும் மாதங்களில் உப்புநீர் வராமல் ஆகாயத்தாமரை பெருகும். எந்த வாய்க்கால் அடைபடாமல் இருக்கும்? ஏசி இரவு மட்டும்தான் என்றால், ஜெனரேட்டருக்குத் தள்ளியிருக்கும் அறையை எப்படிக் கேட்டு வாங்குவது? படகில் ஏறும் பலகைக்குக் கைப்பிடி இருக்குமா?