பலெர்மோ பல்லாரோ சந்தை: சைவத்துக்கு என்ன கிடைக்கும், எதில் ஏமாறுவோம்?

கேள்வி:
ஏப்ரல் நடுவில் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இரண்டு நாள் இருப்போம். ஒரு காலையைப் பல்லாரோ சந்தைக்கு ஒதுக்கியிருக்கிறோம். மனைவி சைவம், பால், தயிர் சரி, முட்டை கூடாது. எனக்கு மாடும் பன்றியும் ஆகாது, மற்றதெல்லாம் ஓகே. எத்தனை மணிக்குப் போவது, எதை நம்பிச் சாப்பிடுவது, ஊருக்கு எடுத்துவர என்ன வாங்குவது? கைப்பை மட்டும்தான், செக்-இன் லக்கேஜ் இல்லை.

பதில் 1:
ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மீன்கடைகள் கழுவி மூட ஆரம்பித்துவிடும், சுற்றுலாக் கூட்டமும் அப்போதுதான் குவியும். ரயில் நிலையத்திலிருந்து கோர்சோ டுகோரி வழியாக நடந்தால் பத்து நிமிடம்தான். அந்த முனையில் நுழைந்து, பியாட்சா டெல் கார்மினே தாண்டி, காசா புரொஃபெஸ்ஸா தேவாலயம் பக்கம் வெளியேறலாம். சந்துக்குள் ஸ்கூட்டர்கள் வேகம் குறைக்காமல் வரும், பையைச் சுவர்ப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கடைகளுக்கு மேல் சிவப்புப் படுதா கட்டியிருக்கும். அதன் அடியில் வாடிய மீனும் தக்காளியும்கூடச் சிவந்து பளபளக்கும். மீனை வெளிச்சத்தில் கண்ணும் செவுளும் பார்த்து எடுங்கள். காய், பழத்தை நீங்களாகத் தொட வேண்டாம். விரல் நீட்டினால் கடைக்காரர் எடுத்துத் தருவார்.

விலைப்பலகையைக் கவனித்துப் படியுங்கள். 'அல் கீலோ' என்றால் கிலோவுக்கு, 'அல் எட்டோ' என்றால் 100 கிராமுக்கு. நாற்காலி போட்டுக் கூவி அழைக்கும் இடங்களில் மீனை எட்டோ கணக்கில்தான் சொல்வார்கள். 6 யூரோ என்று பார்த்துவிட்டு 700 கிராம் மீனைக் கைகாட்டினால் பில் 42 யூரோ. எடை போட்டதும், அடுப்பில் வைப்பதற்கு முன்பே, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். உட்கார்ந்தால் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஒரு தொகையும் சேரலாம். சில்லறையாகக் காசு வைத்திருங்கள், சின்னக் கடையில் 50 யூரோ தாளைப் பார்த்தாலே முகம் மாறும்.

உங்களுக்கு ஆகாதவை: 'பானி கா மேயுசா' மாட்டு மண்ணீரலும் நுரையீரலும், பன்றிக் கொழுப்பில் சுட வைத்தது. 'ஃப்ரித்தொலா' துணி மூடிய கூடையிலிருந்து கையால் எடுத்துத் தருவது, அதுவும் மாட்டின் மிச்சம்தான். கரியில் புகைவிடும் 'ஸ்டிக்கியோலா' பெரும்பாலும் ஆட்டுக்குடல், சில இடங்களில் கன்றுக்குடல், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பதில் 2:
சைவத்துக்கு இந்த ஊர் நல்ல ஊர். முதல் தெரிவு பனெல்லே. கடலை மாவும் தண்ணீரும் உப்பும் பார்ஸ்லியும் மட்டும்தான், முட்டை இல்லை. சட்டியில் கிண்டி, மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் வெட்டிப் பொரிப்பார்கள். எள்ளுப் போட்ட பனிசுக்குள் (பன் ரொட்டி) வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். தட்டில் ஆறிக் குவிந்து கிடப்பதை வாங்கினால் ரப்பர் மாதிரி இருக்கும், 'கால்டே' என்று சொல்லிச் சூடாகப் பொரிக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ச் சட்டியையும் ஒருமுறை பாருங்கள்: அதே சட்டியில் மீனோ இறைச்சி உருண்டையோ பொரித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். பனிசிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், 'சே ஸ்ட்ருட்டோ?' என்று கேட்க வேண்டும்.

வீட்டில் செய்ய: 250 கிராம் மாவுக்கு 750 மில்லி தண்ணீர், 5 கிராம் உப்பு. பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகுதான் அடுப்பு, சூட்டில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். சட்டியை விட்டுப் பிரிந்து வந்ததும் உடனே பரப்புங்கள். இரண்டு நிமிடம் தாமதித்தால் இறுகிவிடும், பிறகு மெல்லிசாக வராது.

மரக்கறிக் கடைகளிலேயே அவித்த உருளைக்கிழங்கு, தோலோடு சுட்ட பெரிய வெங்காயம், அவித்த கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) விற்பார்கள். உப்பும் எண்ணெயும் விட்டுச் சாப்பிட்டால் ஒரு நேரச் சாப்பாடு. ஏப்ரலில் பச்சை பாவா அவரை வரும். அதோடு பட்டாணி, கூனைப்பூ சேர்த்துச் செய்யும் 'ஃப்ரித்தெத்தா' கிடைத்தால் விடாதீர்கள். கோடையில் வருபவர்களுக்கு: கைநீளத்துக்குத் தொங்கும் 'குகுட்சா' வேறொன்றுமில்லை, நம்முடைய சுரைக்காய். அதன் கொழுந்தையும் 'தெனெருமி' என்று கட்டுக்கட்டாக விற்பார்கள்.

ஸ்ஃபின்சியோனேயை விட்டுவிடுங்கள். வெங்காயமும் தக்காளியும் போட்ட ரொட்டி மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே நெத்தலி கரைந்திருக்கும். கன்னோலி என்ற இனிப்பின் பொரித்த ஓட்டிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுதான் பழைய முறை. இனிப்புக்கு எலுமிச்சை கிரனீட்டா என்ற ஐஸ் போதும், ஆனால் கூட வரும் பிரியோஷ் பனிசில் முட்டை உண்டு.

மாலையில் நேரம் இருந்தால் மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குப் போய் வாருங்கள். மேலே குகைக்குள் இருக்கிற சாந்தா ரொசாலியா கோயிலுக்கு இங்குள்ள ஈழத்தமிழர்கள், சைவர்களும் கூடத்தான், நேர்த்தி வைத்துப் போவார்கள்.

பதில் 3:
வாங்குவது பற்றி யாரும் சொல்லவில்லையே. கைப்பைக்கு ஏற்றது உப்பில் புரட்டிய கேப்பர் (ஒரு செடியின் பூமொட்டு), காம்போடு கட்டிய காய்ந்த ஒரிகானோ, பாதாம். கேப்பரில் பொடியாக இருப்பது விலை கூட, சமையலுக்கு நடுத்தரம் போதும். 'த்ரே எட்டி' என்றால் 300 கிராம். வினிகரில் போட்டதை வாங்காதீர்கள், திரவம் என்று விமான நிலையத்தில் நிறுத்தலாம். வீட்டில் சமைக்கும்போது உப்பைக் கழுவி அரை மணி தண்ணீரில் ஊறப் போடுங்கள். வெயிலில் வற்றவைத்த தக்காளி விழுது, 'ஸ்த்ராத்து', அருமையான சாமான்தான். ஆனால் அதுவும் பசைக் கணக்கில் வரும், பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: மெனுவில் 'அரஞ்சினா அல் புர்ரோ' என்று ஒரு பொரித்த சோற்று உருண்டையைப் பார்த்தேன். புர்ரோ என்றால் வெண்ணெய்தானே, மனைவிக்கு அது சரியாக இருக்குமா?

பதில் 2:
ஐயோ, வேண்டாம். பேர்தான் வெண்ணெய், உள்ளே சீஸோடு பன்றித் தொடைக்கறித் துண்டு இருக்கும். இரண்டு பேருக்குமே ஆகாது. 'ஸ்பினாச்சி' என்று கீரை வைத்தது சில கடைகளில் இருக்கும், அதிலும் 'சென்ட்சா கார்னே?' (இறைச்சி இல்லாததா?) என்று கேட்டுவிட்டு, மேல்மாவில் முட்டை உண்டா என்றும் கேளுங்கள். முட்டை 'உவோவோ'.