நன்றாக நடக்கும் சிறிய உணவகத்தை விற்பது: விலையை எப்படித் தீர்மானிப்பது?

கேள்வி:
வணக்கம். நானும் என் மனைவியும் பல ஆண்டுகளாக நடத்திவரும் சிறிய உணவகத்தை விற்க எண்ணியிருக்கிறோம். வியாபாரம் இலாபத்தில்தான் நடக்கிறது. நாள் முழுவதும் நின்று வேலை பார்க்க உடல் இடம் கொடுக்கவில்லை என்பதே காரணம். சமையலறைச் சாதனங்களுக்கும் உள் அலங்காரத்துக்கும் செலவழித்த தொகையைக் கூட்டி, கடையின் நற்பெயருக்காக மேலும் ஒரு தொகையைச் சேர்த்து விலை சொல்லலாமா? கட்டடம் வாடகைக்கு எடுத்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. பணியாளர்களிடம் எப்போது சொல்வது என்றும் தெரியவில்லை.

மறுமொழி (கணக்காளர்):
நீங்கள் செலவழித்த தொகையை வாங்க வருபவர் பொருட்படுத்த மாட்டார். பயன்படுத்திய அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் வாங்கிய விலையில் ஒரு சிறு பகுதிக்கே போகும். அலங்காரத்துக்குத் தனியாக எதுவும் கிடைக்காது. இந்தக் கடையை ஓராண்டு நடத்தினால் கையில் என்ன நிற்கும் என்பதைத்தான் அவர் பார்ப்பார். ஆகவே நிகர இலாபத்துடன் உங்கள் சம்பளம், கடன் வட்டி, தேய்மானம் (சாதனங்கள் பழசாவதற்காகக் கணக்கில் ஆண்டுதோறும் கழிக்கும் தொகை), மீண்டும் வராத செலவுகள் ஆகியவற்றைத் திரும்பக் கூட்டி, உரிமையாளருக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாயைக் கணக்கிடுங்கள். அந்த வருவாயின் 1.5 முதல் 2.5 மடங்கு வரை விலை பேசுவது பல இடங்களில் வழக்கம். இடத்தையும் குத்தகையையும் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் மனைவியின் உழைப்புக்குச் சம்பளம் எழுதப்படவில்லை என்றால், அந்த வேலைக்கு வேறோர் ஆளை வைக்க ஆகும் செலவை வாங்குபவர் கழித்துவிடுவார், கழிப்பதும் நியாயமே. கணக்கில் ஏறாத ரொக்க விற்பனையைச் சொல்லி விலையை உயர்த்தப் பார்ப்பவர்களும் உண்டு. அது எடுபடாது என்பதோடு, ஒழுங்காக எழுதிய கணக்கின் மீதும் ஐயத்தை உண்டாக்கும். மூன்று ஆண்டுக் கணக்குகள், வரித் தாக்கல், வங்கிப் பதிவுகள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

மறுமொழி (உணவகம் ஒன்றை விற்றவர்):
விலையை விட எனக்குக் கவலை தருவது உங்கள் வாடகை ஒப்பந்தம்தான். ஓராண்டில் காலி செய்ய நேரலாம் என்ற நிலையில் இருக்கும் கடைக்கு, அது எவ்வளவு நன்றாக நடந்தாலும், யாரும் பெரிய தொகை கொடுக்க மாட்டார்கள். விளம்பரம் செய்வதற்கு முன்பே கட்டட உரிமையாளரைச் சந்தித்து, புதியவரின் பெயருக்கு ஒப்பந்தத்தை மாற்றச் சம்மதிப்பாரா, காலத்தை நீட்டிப்பாரா, வாடகையை உயர்த்துவாரா என்று கேட்டு, அவர் ஒப்புக்கொள்வதை எழுத்தில் பெறுங்கள். உங்கள் முன்பணம் யார் கைக்குத் திரும்ப வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும். உணவு உரிமமும் தீயணைப்புச் சான்றும் பல இடங்களில் தாமாக மாறுவதில்லை. புதியவர் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

பணியாளர்களைப் பொறுத்தவரை, விற்பனை ஒப்பந்தம் உறுதியாகும் வரை பொதுவில் அறிவிக்க வேண்டாம். செய்தி கசிந்தால் நல்ல சமையல்காரர் முதலில் வேறு வேலை தேடிக்கொள்வார். தலைமைச் சமையல்காரரிடம் மட்டும் சற்று முன்னதாகப் பேசிவிடுவது நல்லது, ஏனெனில் அவர் தொடர்வாரா என்பதை வாங்குபவர் கட்டாயம் கேட்பார்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. விசாரித்த ஒருவர் பாதித் தொகையை உடனே தந்து, மீதியைத் தவணையில் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

மறுமொழி (கணக்காளர்):
மறுக்க வேண்டியதில்லை, ஆனால் பாதி என்பது எனக்குக் குறைவாகப் படுகிறது. கடை சரிந்தால் உங்கள் தவணையும் சேர்ந்து நின்றுவிடும். தொடக்கத் தொகையைக் கூட்டிக் கேளுங்கள். மீதிக்குச் சாதனங்களை ஈடாக வைப்பதும், கடையால் முடியாவிட்டாலும் தம் சொந்தப் பணத்திலிருந்து தருவதாக அவர் அளிக்கும் தனிப்பட்ட பொறுப்புறுதியும், தவறினால் என்ன நடக்கும் என்ற விதியும் ஒரு வழக்கறிஞர் எழுதிய ஒப்பந்தத்தில் இடம்பெறட்டும். சில வாரங்கள் உடனிருந்து பழக்கிக் கொடுப்பீர்கள் என்பதையும், அருகில் போட்டியாகக் கடை திறக்க மாட்டீர்கள் என்பதையும் அவர் எழுதிக் கேட்பார். அந்தத் தடைக்குத் தூரமும் காலமும் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையிருப்புச் சரக்கை விலையில் சேர்க்காமல், ஒப்படைக்கும் நாளில் இருவரும் சேர்ந்து எண்ணித் தனியாகத் தொகை போடுங்கள். அன்று வரையிலான மின்கட்டணம், சம்பளம், சரக்கு நிலுவை ஆகியவை உங்கள் பொறுப்பு.