நைட்ரஜன் ரிச் ஸ்ட்ரிப்: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம் ஐயா,

வயலுக்கு உரம் போதுமா என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு பட்டைக்கு மட்டும் நைட்ரஜனை நிறைய இடுவதுதான் 'நைட்ரஜன் ரிச் ஸ்ட்ரிப்'. அதற்குத் தமிழ்ச் சொல் பற்றி நீங்கள் எழுதியதற்கு என் பதில் இது.

> 'நைட்ரஜன் செறிபட்டை' என்று வைத்துக்கொள்ளலாமே. மூலத்தில் இருப்பது அதுதானே.

மூலத்தில் அதுதான் இருக்கிறது. நைட்ரஜன் நம் உழவருக்குத் தழைச்சத்து. அதை மாற்றி, 'தழைச்சத்துச் செறிபட்டை' என்றாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன போட்டார்கள் என்று சொல்கிறது, எதற்குப் போட்டார்கள் என்று சொல்லவில்லை.

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துக் கோதுமை வயலை எடுத்துக்கொள்வோம். விதைப்பை ஒட்டி, வயலின் குறுக்கே நீளமாக ஒரு பட்டைக்கு மட்டும் பற்றாக்குறையே வராதபடி தழைச்சத்து இட்டுவிடுவார்கள். குளிர்காலம் முடிகிற சமயம், மேலுரத்துக்கு முன்னால், கிரீன்சீக்கர் உணரியைப் பட்டையின் மேலும் பக்கத்துப் பயிரின் மேலும் பிடித்து நடப்பார்கள். சிவப்பும் அகச்சிவப்புமாகத் தானே ஒளி பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்கும் கருவி அது. மேகம் மூடினாலும் பாதகமில்லை. அது காட்டும் பசுமை எண்ணுக்கு என்டிவிஐ என்று பெயர். பட்டையில் அது 0.72, வயலில் 0.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 1.2. பயிருக்குப் பசி இருக்கிறது. இரண்டும் ஒன்றானால் மண்ணே ஊட்டிவிட்டது. அப்போதைக்கு மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

சின்ன வயதில் எங்கள் நெல் வயலில் யூரியா மூட்டை கிழிந்து சிந்திய இடம் கருகருவென்று தனியாகத் தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துத்தான் மற்ற இடத்தில் உரம் போதவில்லை என்று கண்டுகொண்டார். நினைத்துப் பார்த்தால், அதுவும் இதே வித்தைதான்.

இடிப்பது இங்கேதான். மண்ணில் சத்து போதுமான வருஷத்தில் பட்டை கண்ணுக்கே தெரியாது. 'செறிபட்டை' என்று கேட்டவர் செழிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு, "வேலை செய்யவில்லை" என்பார். உண்மையில் அந்த வருஷம்தான் அது மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது.

> அப்படியானால் 'ஒப்புப் பட்டை'?

பொருள் சரி. ஆனால் கிராமத்தில் 'ஒப்புக்குப் போட்ட பட்டை' என்று ஆக்கிவிடுவார்கள்!

நான் முதலில் 'உரைபட்டை' என்றுதான் எழுதி வைத்திருந்தேன், உரைகல்லை நினைத்து. அப்புறம்தான் உறைத்தது: உரைகல்லின் இடத்தில் இருப்பது உணரி. பட்டை, ஆசாரி பக்கத்தில் உரசிப் பார்க்கும், தரம் தெரிந்த ஆணிப்பொன். 'ஆணிப்பட்டை' என்றாலோ கால் ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி மாதிரி இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை 'சாட்சிப் பட்டை'. சாட்சி "ஆமாம்" என்றாலும் சாட்சிதான், "இல்லை" என்றாலும் சாட்சிதான். வடசொல் வேண்டாம் என்பவர்களுக்குச் 'சான்றுப் பட்டை' இருக்கிறது; அச்சில் இது, வரப்பில் அது என்று இரண்டும் ஓடட்டும்.

மேலே வந்த 1.2-க்கு, ரெஸ்பான்ஸ் இண்டெக்ஸுக்கு, 'உரப்பசி எண்' என்று ஒன்று தோன்றுகிறது. ரொம்ப நாட்டுப்புறமாக இருந்தால் சொல்லுங்கள்.