கண் சிவந்த மாசி மாதம்: பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் வந்தது ஒரே நோயா?

பிள்ளைக் காம்பரா அக்கா, தலவாக்கலைப் பக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் கண் நோய் வந்தது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தைக்கு இடது கண் சிவந்து தண்ணீராக வடிந்தது, பிறகு வலது கண்ணும். கிழமை முடிவதற்குள் அந்த லயத்தில் கண் சிவக்காத வீடே இல்லை. அதே நாட்களில் மேல் லயத்து மாமா வளர்க்கும் பிரீசியன் கன்றும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிழல் தேடி ஒதுங்கி நின்றது. கன்னத்து மயிரில் கண்ணீர் வடிந்த கறை. இரண்டையும் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? மாட்டிலிருந்துதான் பிள்ளைகளுக்குத் தொற்றியது என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு எழும்பி, அந்த வீட்டில் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பால் காசில்தான் மாமா மகளைப் படிக்க வைக்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டேன். கன்றைப் பார்க்க வந்த மிருக வைத்தியரிடமும் கேட்டேன். இருவரும் சொன்னது ஒன்றுதான். பிள்ளைகளுக்கு வந்திருப்பது வைரஸ், பெரும்பாலும் அடினோவைரஸ் என்ற வகை, மனிதரிடமிருந்து மனிதருக்குப் போவது. கன்றுக்கு வந்திருப்பது மொரக்செல்லா போவிஸ் என்ற பக்டீரியா, மாட்டிலிருந்து மாட்டுக்குப் போவது. பிள்ளைகளுக்கு இப்படிப் பரவும் கண் நோய்க்கும் கன்றின் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. சிவப்பு ஒன்றுபோலத் தெரிந்தாலும் நோய் வேறு, மருந்து வேறு.

இதைச் சொன்ன பிறகும் நம்பாதவர்கள் இருந்தார்கள். அதைவிடக் கவலையான விஷயம், ஒரு வீட்டில் பிள்ளைக்கு வாங்கிய சொட்டு மருந்தில் மிஞ்சியதைப் பசுவுக்கு விட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் மாட்டுக்குப் போட்ட களிம்பு பிள்ளையின் கண்ணுக்குப் போகப் பார்த்தது, நல்ல காலம் பாட்டி தடுத்துவிட்டார். அதனால்தான் இதைத் தொடங்குகிறேன். உங்கள் பக்கத்தில் மனிதருக்கோ மாட்டுக்கோ கண் நோய் வந்தபோது என்ன நடந்தது, எது உதவியது என்று எழுதுங்கள்.

பட்டிக்காரர், அக்கரப்பத்தனை

தங்கச்சி, மாட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்து மாட்டோடுதான் என் பிழைப்பு.

எங்கள் பக்கம் இந்த நோயைக் கூடுதலாகப் பார்ப்பது தை முதல் பங்குனி வரை. விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து கிடக்கும். பத்து மணிக்குப் பிறகு மேகமே இல்லாமல் வெயில் சுள்ளென்று அடிக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அந்தக் கதிர் கருவிழியின் மேல்தோலைக் கெடுக்கும், கிருமி அந்த வழியாக உள்ளே போகும். முகமும் இமையும் வெள்ளையாக உள்ள மாடுகளுக்குத்தான் கூடுதலாக வரும் என்பதை என் பட்டியிலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம் முற்றிய மானாப் புல். தலையைக் குனிந்து மேயும்போது புல் நுனி கண்ணைக் கீறும். கீறிய கண்ணுக்கு ஈ வரும், அதே ஈ அடுத்த மாட்டின் கண்ணில் போய் உட்காரும். அவ்வளவுதான், பட்டி முழுக்கப் பரவிவிடும். கன்றுகளைத்தான் முதலில் பிடிக்கும்.

முதல் நாள் பார்த்தால் கண்ணீர் மட்டும்தான். வெளிச்சத்துக்குக் கூசி மாடு கண்ணை மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் கருவிழி நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு வரும். அதுதான் புண். கவனிக்காமல் விட்டால் கண் முழுக்க நீலம் பாய்ந்து மங்கும், ஓரத்திலிருந்து சிவப்பு நரம்பு ஓடி வரும். சில மாட்டுக்குக் கருவிழி கூம்பாகத் தள்ளி நிற்கும், அது உடைந்தால் கண் போனதுதான். ஆறினாலும் சிலது பூ விழுந்த கண்ணாகவே நின்றுவிடும். பெரும்பாலான கண்கள் மூன்று நான்கு கிழமையில் தெளிந்துவிடுகின்றன, ஆனால் அதற்குள் மாடு சரியாக மேயாது, பால் குறைந்துபோகும். வலி அப்படி.

பழைய ஆட்கள் உப்பைப் பொடித்துக் கண்ணில் ஊதுவார்கள். புகையிலையை மென்று சாற்றைத் துப்புவதையும் பார்த்திருக்கிறேன். மாடு துள்ளி அலறும். தானாக ஆறக்கூடிய கண்ணும் அதில் கெட்டுப்போகும். வாயில்லா ஜீவன், வலியை யாரிடம் சொல்லும்? தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், பக்கத்து வீட்டில் செய்தாலும் போய்த் தடுங்கள்.

வெயில் நேரத்தில் கொட்டிலில் நிழலில் கட்டுங்கள். புல்லை வெட்டிக் கொண்டுவந்து போடுங்கள். சாணத்தைக் கொட்டில் வாசலில் குவிக்காமல் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டி மூடுங்கள், ஈ பாதியாகக் குறையும். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கவனியுங்கள். அதன் கண்ணைத் துடைத்த துணியையும் கையையும் கழுவாமல் அடுத்த மாட்டைத் தொட்டால் ஈ செய்யும் வேலையை நாமே செய்தது போலாகும்.

ஆசிரியர், ஹட்டன்

பாடசாலைப் பக்கம் பார்த்ததை எழுதுகிறேன். கண் நோய்க்காரரின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிவிடும் என்று எங்கள் பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் நம்புகிறார்கள். ஆகவே நோய் வந்த பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுகிறது, மற்றவர்களும் பயமில்லாமல் பக்கத்தில் உட்காருகிறார்கள். பார்வையால் இது தொற்றுவதே இல்லை. கண்ணைத் தொட்ட கை, துவாய், லேஞ்சி, தலையணை உறை, பீலியில் எல்லாரும் பிடிக்கும் வாளியின் கைப்பிடி, இவற்றால்தான் பரவுகிறது. இந்த வைரஸ் காய்ந்த பொருட்களில்கூட நாட்கணக்கில், சில வேளை கிழமைக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கைக்குப் போடும் ஜெல்லை நம்புவதைவிடச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவதே நல்லது.

சொல்வது லேசு. ஒரு காம்பராவில் ஆறு பேர், வீட்டுக்கு இரண்டு துவாய், மாசி மாதம் பீலியில் நூல்போலத் தண்ணீர். இதில் தனித்தனித் துவாய் என்றால் எங்கே போவார்கள்? பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய்தான் வழி சொன்னார். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு, வேறு வேறு நிற நூலில் முடிச்சு, இரவில் கொதி தண்ணீரில் போட்டு மறுநாள் வெயிலில் காய வைப்பது. பல வீடுகளில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

வைரஸ் வகைக்கு அன்டிபயோட்டிக் சொட்டு ஒன்றும் செய்யாது. கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைப்பது, குளிர்ந்த ஈரத்துணி வைப்பது, பொறுத்திருப்பது, இவைதான் வைத்தியம். கண் சிவந்து நீர் வடியும் வரை அடுத்தவருக்குத் தொற்றும், பத்து நாள் முதல் இரண்டு கிழமை வரை எடுக்கலாம். கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைப் பீளை துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தால் அது பக்டீரியாவாக இருக்கலாம், அதற்கு டாக்டர் தரும் அன்டிபயோட்டிக் உதவும். இரண்டு கண்ணும் அரித்து, தும்மலும் சேர்ந்து, வருடா வருடம் அதே காலத்தில் வந்தால் பெரும்பாலும் ஒவ்வாமைதான், யாருக்கும் தொற்றாது. அப்படிப்பட்ட பிள்ளையையும் கண் நோய் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை இழக்கும் பாட நாட்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

கவ்வாத்துக்காரர் மகள், மஸ்கெலியா

அப்பாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். கவ்வாத்து வெட்டும்போது தேயிலைச் சிராய் ஒன்று கண்ணில் தெறித்தது. ஊரெல்லாம் கண் நோய் இருந்த நேரம், ஆகவே பார்த்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். டவுனில் ஒரு பார்மசியில் டாக்டர் துண்டு கேட்காமலே ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். விட்டதும் சிவப்புக் குறைந்தது, அப்பா மலைக்கும் போய்விட்டார். கொஞ்ச நாளில் கண்ணைத் திறக்க முடியாத வலி, பார்வையில் புகை மூட்டம். கண் கிளினிக்கில் டாக்டர் அந்தப் போத்தலை வாங்கிப் பார்த்தார். ஸ்டீரொய்ட் கலந்த மருந்து. செடி, குச்சி பட்ட காயத்தில் பூஞ்சணம் பிடிக்கலாம், ஸ்டீரொய்ட் மேலே சிவப்பைக் குறைத்துக்கொண்டே உள்ளே பூஞ்சணத்தை வளரவிடும் என்றார். ஹெர்பிஸ் வைரஸ் பிடித்த கண்ணிலும் இதே ஆபத்துத்தான். மாதக்கணக்கில் மருந்து விட்டோம். அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சமும் ஆள் அசைவும் தெரிகின்றன, எழுத்துத் தெரியாது.

ஒரு கண்ணில் மட்டும் குத்தும் வலி, வெளிச்சம் தாங்க முடியாமை, பார்வை மங்கல், ஏதாவது பட்ட காயம், இதில் ஒன்று இருந்தாலும் கண் நோய் என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கவ்வாத்து மலைக்குப் போகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கிடைக்கும் வரை கேட்பேன்.

மரக்கறித் தோட்டக்காரர், கந்தப்பளை

தங்கச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். லீக்ஸுக்கும் கிழங்குக்கும் மருந்து அடிக்கும்போது காற்றுத் திரும்பி முகத்தில் அடித்துக் கண் சிவப்பதும் உண்டு. அது தொற்று இல்லை, இரசாயனம். உடனே இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகு மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று நடந்தால் அந்த நேரத்தில் கண் வெந்துவிடும்.

ஓர் அம்மா, பொகவந்தலாவை

என் மகன் பிறந்து சில நாட்களில் கண்ணில் பீளை கட்டியது. தாய்ப்பால் விடு, நந்தியாவட்டைப் பூ ஊறிய தண்ணீர் விடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாரும் அன்பாகச் சொன்னதுதான். வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி அம்மா எதையும் விடவிடாமல், பிறந்து 28 நாளுக்குள் கண் சிவந்து பீளை வந்தால் அது அவசரம் என்று அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரும் சில கிருமிகள் சில நாட்களுக்குள்ளேயே கண்ணைக் கெடுத்துவிடுமாம். ஊசி மருந்தோடு சரியாகியது. அந்த மருத்துவிச்சி அம்மாவுக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள்.

ஓய்வுபெற்ற கால்நடை உத்தியோகத்தர், வெலிமடை

அக்கரப்பத்தனை அண்ணன் எழுதியது அத்தனையும் சரி. வைத்தியப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

வெள்ளைப் பொட்டு வருவதற்கு முன்பே அரச மிருக வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் பெரும்பாலும் கொடுத்தது நீண்ட நேரம் வேலை செய்யும் ஒக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி. அளவு உடல் எடைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம். மாட்டைக் கண்ணால் பார்த்து எடையை மட்டுக்கட்டுவதில் பலர் பிழை விடுகிறார்கள், ஆகவே அளவை வைத்தியரிடமே விடுங்கள். சில கண்களுக்கு வெண்படலத்துக்கு அடியில் பெனிசிலின் ஊசி போடுவார்கள், அது கைப்பழக்கம் உள்ளவரின் வேலை. புண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாயத் தாளைக் கண்ணில் தொட்டு எடுப்பார்கள், புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். பச்சை தெரியும் கண்ணில் ஸ்டீரொய்ட் களிம்பு போடக் கூடாது. மனிதருக்கு மஸ்கெலியாத் தங்கச்சி சொன்ன அதே காரணம்தான்.

காசில்லாமல் செய்யக்கூடியது கண் மறைப்பு. பழைய டெனிம் காற்சட்டையின் துணியை வெட்டி, கண்ணைச் சுற்றி ஒட்டிவிடுவோம். கீழ்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும், நீர் வடிய. வெயிலும் படாது, ஈயும் உட்காராது. பண்டாரவளைப் பக்கம் ஒரு பட்டியில் ஊசியோடு இதையும் செய்த கன்றுகள் வேகமாகத் தேறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சிவந்த மாட்டுக் கண் எல்லாம் இந்த நோயும் இல்லை. மூக்கும் ஒழுகி, காய்ச்சலும் இருமலும் இருந்து, கருவிழி நடுவில் புண் இல்லையென்றால் ஐ.பி.ஆர். என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அதில் கருச்சிதைவும் வரும். இமைக்குள் மெல்லிய வெள்ளைப் புழு நெளிவதும் உண்டு, அதையும் ஈதான் கொண்டுவரும். இமைக்குள் புல் விதை மாட்டிக்கொண்டாலும் இதே கண்ணீர்தான், விதையை எடுக்காமல் எத்தனை ஊசி போட்டாலும் பயனில்லை.

இன்னொன்று, ஆறிய மாடு சுகமாகத் தெரிந்தாலும் கண்ணிலும் மூக்கிலும் கிருமியை மாதக்கணக்கில் வைத்திருக்கக்கூடும். வெளியில் வாங்கி வரும் மாட்டை இரண்டு கிழமையாவது தனியாகக் கட்டிப் பார்த்துவிட்டுப் பட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக் காம்பரா அக்கா, தலவாக்கலைப் பக்கம்

ஐயா, எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி. மாமாவின் கன்றுக்குப் பிறகு தாய்ப் பசுவுக்கும் கண்ணீர் வடிந்து, நேற்று ஊசி போட்டிருக்கிறார்கள். பாலைக் காய்ச்சிக் குடித்தால் பரவாயில்லையா? லயத்தில் இப்போதுதான் திரும்ப வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை உத்தியோகத்தர், வெலிமடை

இல்லை தங்கச்சி. கண் நோய் பால் வழியாக வராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஊசி மருந்து பாலில் இறங்கும், காய்ச்சினாலும் முழுக்கப் போகாது. எத்தனை நாள் விலக்க வேண்டும் என்று மருந்துப் போத்தலில் இருக்கும், இந்த ஊசிக்குப் பெரும்பாலும் ஒரு கிழமை அல்லது அதற்கு மேல். அதுவரை கறந்து ஊற்றிவிடச் சொல்லுங்கள். வீட்டுக்கும் வேண்டாம், சேகரிப்பு நிலையத்துக்கும் வேண்டாம். அங்கே பரிசோதனையில் பிடிபட்டால் மாமாவின் பால் மட்டுமல்ல, அதோடு கலந்த மற்றவர்களின் பாலும் வீணாகும். அந்தப் பாலில் தயிரும் சரியாக உறையாது. வாங்குகிறவர்களிடம் இன்ன நாள் முதல் பால் தருவேன் என்று மாமாவே முன்கூட்டிச் சொல்லிவிடட்டும். மறைக்காமல் சொல்கிறவரிடம்தான் ஆட்கள் திரும்ப வருவார்கள். மற்றப் பசுக்கள் இருந்தால் அவற்றின் பாலைத் தாராளமாகக் கொடுக்கலாம், பாத்திரத்தை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.