புழுவெட்டுக்கு வைட்டமின் டி மாத்திரை மட்டும் போதுமா?

ஈரோடு சுகந்தி:
அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 26. இரண்டு மாதங்களுக்கு முன் அவனது பின்னந்தலையில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு முடி கொட்டி, அந்த இடம் வழவழப்பாகிவிட்டது. இப்போது தாடியிலும் ஒரு சிறு வட்டம் தெரிகிறது. தோல் மருத்துவர் புழுவெட்டு என்று சொல்லி, அந்த இடங்களிலேயே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்றார். இரத்தத்தில் வைட்டமின் டி மில்லி லிட்டருக்கு 11 நானோகிராம்தான் இருந்ததால், வாரம் ஒன்று வீதம் 60,000 யூனிட் மாத்திரையும் எழுதித் தந்தார். குறைபாடு சரியானால் முடி தானாக முளைத்துவிடும், ஊசி எதற்கு என்கிறான் தம்பி. அவன் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

நலம்நாடி:
சகோதரி, தொடர்பு இருப்பது உண்மைதான். முடியின் வேர்ப்பை வளரும் பருவத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாதபடி காக்கப்பட்டிருக்கும். அந்தக் காப்பு குலையும்போது வெள்ளணுக்களில் ஒரு வகை வேரைச் சூழ்ந்து தாக்குவதே புழுவெட்டு. அந்த அணுக்களின் வேகத்தைத் தணிக்கும் தன்மை வைட்டமின் டிக்கு உண்டு. புழுவெட்டு உள்ளவர்களிடம் இதன் அளவு மற்றவர்களைவிடச் சராசரியாகக் குறைந்திருப்பதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நோய் வந்த பிறகு ஒரே ஒரு முறை அளந்து பார்த்தவை. குறைபாடு நோயைக் கொண்டுவந்ததா, முடி போன கவலையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததால் அளவு குறைந்ததா என்பதை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. மேலும், இவ்வளவு வெயில் அடிக்கும் நம் ஊரிலேயே இந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது. தலை நிறைய முடி உள்ளவர்களைப் பரிசோதித்தாலும் பலருக்கு இதே போன்ற அளவுதான் வரும்.

உயிர்வேதியியல் ஆசிரியர்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வைட்டமின் டியை ஏற்கும் ஏற்பி (அணுக்களுக்குள் வைட்டமின் வந்து ஒட்டும் புரதம்) பிறவியிலேயே பழுதான குழந்தைகளில் பலருக்கு ரிக்கெட்ஸ் எனும் எலும்பு வலுவிழந்து வளையும் நோய் வருவதோடு தலைமுடியும் முழுவதுமாக உதிர்ந்துவிடுகிறது. ஆனால் வைட்டமினைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதி பழுதான குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தாலும் முடி உதிர்வதில்லை. அதாவது, முடி உதிர்ந்து மீண்டும் முளைக்கும் சுழற்சிக்கு ஏற்பி இருந்தாக வேண்டும். வைட்டமின் வந்து அதில் ஒட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. இணையத்தில் சுற்றும் காணொளிகள் ஏற்பியைப் பற்றிய செய்தியை எடுத்து, அதை மாத்திரைக்கான விளம்பரமாக மாற்றிவிடுகின்றன என்பதே என் எண்ணம்.

2022இல் வெளியான அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வையும் பலர் சான்றாகக் காட்டுவார்கள். 25,871 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், சுமார் ஐந்து ஆண்டுகள் தினமும் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் (புழுவெட்டைப் போல, நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்கும் நோய்கள்) புதிதாக வருவது 22 சதவீதம் குறைந்தது. அவர்கள் அனைவரும் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். ஆராயப்பட்டது நோய் வராமல் தடுப்பது பற்றியே தவிர, வந்த நோயைத் தீர்ப்பது பற்றி அல்ல.

ஈரோடு சுகந்தி:
இருவருக்கும் நன்றி. மாத்திரை சாப்பிட்டே முடி வளர்ந்தது என்று எங்கள் உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறாரே? ஊசியால் கெடுதல் ஏதும் வருமா?

நலம்நாடி:
ஓரிரு வட்டங்களோடு நின்றுவிடும் புழுவெட்டு, மருந்தே இல்லாமல் ஓராண்டுக்குள் பலருக்குச் சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டாலும், சின்ன வெங்காயத்தைத் தேய்த்தாலும், பெயர் அதற்குத்தான் போகும். ட்ரையாம்சினோலோன் எனும் ஸ்டீராய்டு ஊசியைத் தோலுக்குள் சிறு சிறு அளவாக நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை போடுவார்கள். போட்ட இடம் சிலருக்குச் சற்றுக் குழிவிழும். பெரும்பாலும் நாளடைவில் சமமாகிவிடும். புதிதாக வட்டங்கள் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். தலை முழுவதும் பரவினால் நோய் எதிர்ப்பு அணுக்களின் தாக்குதலைத் தணிக்கும் பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகள் பற்றி மருத்துவரே பேசுவார். தைராய்டு நோயும் இதனுடன் சேர்ந்து வருவதுண்டு என்பதால், அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று அவரிடம் கேளுங்கள்.

வைட்டமின் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். 11 என்பது எலும்புக்கும் போதாத அளவு. பால் குடித்தோ சாப்பிட்டோ முடித்த பிறகு எடுத்தால் நன்றாக உடலில் சேரும். ஆனால் வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் தீராத தாகமுமாக மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. முடி சீக்கிரம் வளரட்டும் என்று தம்பி தானாக அளவைக் கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.