தலைவர்கள் பறக்கும் விமானத்துக்கு 2 இன்ஜின் போதுமா?

வான்முகில் கேட்டது:
நம் குடியரசுத் தலைவரும் பிரதமரும் நெடுந்தூரப் பயணங்களுக்கு 2020 வரை ஏர் இந்தியாவின் போயிங் 747-400இல் போனார்கள். அதற்கு 4 இன்ஜின். இப்போது 777-300இஆர், 2 இன்ஜின்தான். அமெரிக்கா இன்னும் 4 இன்ஜினை விடவில்லை. நடுக்கடலில் ஒன்று நின்றால் என்ன ஆகும்? "ஏவுகணை தாக்காத விமானம்" என்று பத்திரிகைகள் எழுதுவது எந்த அளவுக்கு உண்மை?

டர்பைன்_தாஸ்:
முதலில் இன்ஜின். 777-300இஆரில் இருப்பது ஜிஇ90-115பி. ஒவ்வொன்றும் 1,15,300 பவுண்டு உந்துவிசை தரும். முன்விசிறியின் விட்டமே 3.25 மீட்டர். ஒன்று நின்றால் விமானம் அதே உயரத்தில் நீடிக்காது. அடர்த்தியான காற்று கிடைக்கும் உயரத்துக்கு மெதுவாக இறங்கி, அங்கிருந்து மாற்று விமான நிலையத்துக்குப் போகும். எவ்வளவு நேரம் போகலாம் என்பதுதான் ஈடாப்ஸ் கணக்கு. 2011 டிசம்பரில் இந்த வகைக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 330 நிமிடம் வரை ஒப்புதல் கொடுத்தது. ஒரே இன்ஜினில் ஐந்தரை மணி நேரம்! 2021 செப்டம்பரில் பிரதமர் தில்லியிலிருந்து வாஷிங்டனுக்கு இதில் நிற்காமல் போனார். அந்தப் பாதையில் மாற்று நிலையம் ஐந்தரை மணி நேரத்தைவிடப் பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

எல்லா இன்ஜினையும் ஒன்றாக நிறுத்தக்கூடிய காரணங்கள்தான் கவலைக்குரியவை. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால் 2 என்றாலும் 4 என்றாலும் ஒரே கதிதான். அதனால்தான் நிரப்பும்போது மாதிரி எடுத்து, தண்ணீர் காட்டும் மஞ்சள் வில்லை வழியாக ஊசிக்குழாயில் இழுத்துப் பார்க்கிறார்கள். வில்லை பச்சை நிறம் காட்டினால் அந்த எரிபொருள் வண்டியை ஒதுக்கிவிட வேண்டும். இதில் சலுகையே கூடாது.

அமெரிக்க அதிபரின் விமானமான விசி-25ஏ, 747-200பி அடிப்படையில் அமைந்து 1990இல் சேவைக்கு வந்தது. வானிலேயே எரிபொருள் வாங்கும் வசதி அதில் உண்டு. அடுத்து வரும் 747-8இல் அந்த வசதியை அவர்களே கைவிட்டுவிட்டார்கள்.

சாஃப்_சரவணன்:
"ஏவுகணை தாக்காத" என்ற சொல்லே தவறு. விமானத்துக்குக் கவசத் தகடு போட்டிருப்பதாக வாசகர் நினைத்துக்கொள்வார். உள்ளே இருப்பது ஏவுகணையை ஏமாற்றும் கருவிகள். 2019 பிப்ரவரியில் 2 விமானங்களுக்குமாக 19 கோடி டாலர் மதிப்பில் அமெரிக்கா விற்க ஒப்புக்கொண்ட தொகுப்பு இது. உதிரிகளையும் சேர்த்து 12 லேசர் செலுத்திகள், 23 எச்சரிக்கை உணரிகள் அந்தப் பட்டியலில் இருந்தன.

வேலை செய்யும் விதம்: ஏவுகணையின் புகைச்சுடரில் வரும் புற ஊதா ஒளியை ஏஏஆர்-54 உணரி பிடிக்கும். எந்தத் திசை, நம்மை நோக்கி வருகிறதா என்பதைக் கணினி முடிவு செய்யும். உடனே லேசர் கோபுரம் திரும்பி, ஏவுகணையின் மூக்கிலுள்ள வெப்ப உணரிக்குள் துடிப்புத் துடிப்பாக அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தும். இலக்கு வேறெங்கோ இருப்பதாக எண்ணி ஏவுகணை விலகிப் போகும். பைலட் பொத்தான் எதுவும் அழுத்த வேண்டியதில்லை, அதற்கு நேரமும் இராது. ரேடார் வழிகாட்டும் ஏவுகணைக்கு இது உதவாது; அதற்கு ஏஎல்க்யூ-211 மின்னணுக் குழப்பி தனி, ஏஎல்இ-47 வீசும் உலோகத் துணுக்கு தனி. வழிகாட்டியே இல்லாத ராக்கெட்டை எதைக் கொண்டும் ஏமாற்ற முடியாது.

தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை 4, 5 கிலோமீட்டர் உயரம்தான் எட்டும். ஆகவே ஆபத்து ஏறும்போதும் இறங்கும்போதும்தான். 1994 ஏப்ரல் 6 அன்று கிகாலியில் இறங்கிக்கொண்டிருந்த ஃபால்கன் 50ஐ ஏவுகணையால் வீழ்த்தினார்கள். ருவாண்டா, புருண்டி அதிபர்கள் இருவரும் இறந்தார்கள். அந்த விமானத்துக்கு 3 இன்ஜின்.

வான்முகில்:
நன்றி. இவ்வளவு பெரிய விமானம் எந்த ஊரிலும் இறங்க முடியுமா?

ஏப்ரன்_மணி:
முடியாது. 2020 நவம்பர் 24 அன்று இந்த 777இன் முதல் பயணமே சென்னைக்குத்தான். திருமலைக்குப் போன குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் சென்னையில் இறங்கினார். இங்கே முதன்மை ஓடுபாதை சுமார் 3.6 கிலோமீட்டர்.

நீளம் ஒன்று மட்டும் போதாது. உச்ச எடை 351 டன்னுக்கு மேல். அதைத் தாங்கும் முதன்மைச் சக்கரங்கள் 12. மூக்குச் சக்கரம் தாங்குவது போக, சக்கரத்துக்குச் சுமார் 27 டன் விழும். 747-400இல் 16 சக்கரம், சுமார் 23 டன். மொத்த எடை குறைந்தும் தளத்துக்கு அழுத்தம் கூடுகிறது, பலரும் கவனிக்காத இடம் இது. அடுத்து நீளம், 73.9 மீட்டர். 45 மீட்டர் அகல ஓடுபாதையில் முழு வட்டம் திரும்ப முடியாது. ஓரத்தில் திரும்புதளம் வேண்டும். தீயணைப்பு 9ஆம் வகை, அதாவது 3 வண்டி, 24,300 லிட்டர் தண்ணீர்.

முன்கூட்டியே கேட்டு உறுதி செய்ய வேண்டியவை: விமானத்தை வண்டியால் பின்னுக்குத் தள்ள 777க்குப் பொருந்தும் இழுவைக் கம்பி, 90 கேவிஏ தரை மின்சாரம் 2 இணைப்பு, துணை மின் இயந்திரம் பழுதானால் இன்ஜினைக் கிளப்பக் காற்று வண்டி. இழுவைக் கம்பி இல்லையென்றால் விமானத்தை மூக்கு வெளியே பார்த்தபடி நிறுத்தவேண்டும். அப்போது இன்ஜின் காற்று பின்பக்கம் யார் மேல் அடிக்கும் என்று பார்க்காவிட்டால் வரவேற்பு மேடையே பறக்கும்.

நிலைமட்டம்:
இன்ஜின், லேசர் எல்லாம் சரி. 2010 ஏப்ரல் 10, ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க். டு-154எம் விமானம் விழுந்து போலந்து அதிபர் லெக் காச்சின்ஸ்கி உட்பட 96 பேர் இறந்தார்கள். ஓடுபாதைக்கு வானொலியால் வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவி அந்தத் தளத்தில் கிடையாது, கடும் மூடுபனி. 100 மீட்டரில் தரை தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும், ஏறவில்லை. ஓடுபாதைக்கு முன் ஒரு பள்ளம் இருந்தது. ரேடியோ உயரமானி பள்ளத்தின் அடியிலிருந்து அளந்து காட்டியது, ஓடுபாதை மட்டத்திலிருந்து அல்ல. இருக்கும் உயரத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. "மேலே இழு" என்ற எச்சரிக்கையும் ஒலித்தது. அதே விமானத்தில் தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தளபதிகள் எல்லோரும் இருந்தார்கள்.

எந்த நாடாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது: மாற்று நிலையத்துக்குப் போக பைலட் எடுக்கும் முடிவை மாற்றச் சொல்ல விமானத்தில் யாருக்காவது அதிகாரம் உண்டா? உண்டு என்றால் 4 இன்ஜின் வைத்தும் பயனில்லை.

டர்பைன்_தாஸ்:
அமெரிக்க விமானம் பற்றி இன்னொன்று. "ஏர் ஃபோர்ஸ் ஒன்" என்பது விமானத்தின் பெயரல்ல, அமெரிக்க அதிபர் உள்ளே இருக்கும்போது வானொலியில் சொல்லும் அழைப்புக்குறி. 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பறந்துகொண்டிருந்தபோது ஃபோர்டு பதவியேற்றார். அந்த நிமிடமே விமானத்தின் அழைப்புக்குறி வானிலேயே மாறி, எஸ்ஏஎம் 27000 ஆனது. நம் 777களின் விமானப்படைப் பதிவெண்கள் கே7066, கே7067.