கால்வாய்க்கரையில் அடித்த பிண நாற்றம்

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற கால்வாயை ஒட்டி இருக்கிறது. சாயங்காலம் அந்தக் கரையில் நானும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் நடப்போம். கோடை மழை நன்றாகக் கொட்டி ஓய்ந்திருந்த ஒரு வைகாசிச் சாயங்காலம், வாழைத்தோட்டம் திரும்புகிற இடத்தில் குப்பென்று ஒரு நாற்றம்.

"எலி இல்ல, பெரிசா ஏதோ செத்துக் கிடக்கு. நாயாத்தான் இருக்கும்" என்று அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எதிரே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த பாட்டி, "பாம்பு கொட்டாவி விடுது மக்கா, ஓரமா நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாம்பு கொட்டாவி விட்டால் உருளைக்கிழங்கு வேகும் வாசம் வரும் என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை!

எனக்கு வேறு சந்தேகம். செல்போன் வெளிச்சத்தில் வேலியோரம் தேடினேன். இருந்தது. இலையே இல்லாமல், தரையிலிருந்து நேரே முளைத்த காட்டுச் சேனைப் பூ. ஓரம் சுருள் சுருளான கருஞ்சிவப்பு மடல், நடுவில் மூளை போல மடிப்பு மடிப்பாக ஒரு குமிழ். ஈயும் வண்டும் மொய்த்துக்கொண்டிருந்தன. குமிழைத் தொட்டால் லேசான சூடு.

சேனை முதலில் பூத்துவிட்டு, அப்புறம்தான் இலை விடும். அழுகிய இறைச்சியில் இருக்கும் அதே கந்தகச் சேர்மங்களைத்தான் இந்தப் பூவும் வெளிவிடுகிறது. சூடு அந்த நாற்றத்தைத் தூரமாகப் பரப்பும். பிணம் என்று நம்பி வண்டுகள் உள்ளே இறங்கும். நமக்கு ஒரே பூவாகத் தெரிந்தாலும் உள்ளே குட்டிப் பூக்கள் நிறைய இருக்கும். அடியில் இருக்கும் பெண் பூக்கள் முதலில் தயாராகும். அதற்கு மேலே உள்ள ஆண் பூக்கள் பிறகுதான் மகரந்தம் உதிர்க்கும். வேறொரு பூவிலிருந்து மகரந்தம் பூசிக்கொண்டு வரும் வண்டு இங்கே பெண் பூவில் அதைத் தேய்த்துவிட்டு, கிளம்பும்போது இந்தப் பூவின் மகரந்தத்தையும் அப்பிக்கொண்டு போகும். வண்டுக்குத் தின்ன இறைச்சி எதுவும் கிடைப்பதில்லை. சுத்த ஏமாற்று வேலை.

சுமத்ராவில் இதன் சொந்தக்காரச் செடி ஒன்று ஆளை விட உயரமாகப் பூக்கும். வெளிநாட்டுத் தாவரவியல் பூங்காக்களில் அது பூத்தால் முகர்ந்து பார்க்கக் கூட்டம் வரிசையில் நிற்கிறது. நம்மூரில் ஒரு கூடை மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிடுவோம்.

மறுநாள் போனபோது நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிட்டது, மடலும் துவண்டு கிடந்தது. "அப்போ அடியில கிழங்கு இருக்குமே, தோண்டிரலாமா?" என்றார் அண்ணாச்சி. காட்டுச் சேனை வீட்டுச் சேனை மாதிரி இல்லை, புளி விட்டு வேக வைத்தாலும் காறல் லேசில் போகாது, தொண்டை அரித்துத் தள்ளிவிடும் என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.